நரம்பு வலி மாத்திரை, கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு: நிறுத்துவதற்கு முன்னால்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 67 வயது. தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டியவர், இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டில் ஓய்வில் இருக்கிறார். இருபது வருடமாக இனிப்புநீர் (நீரிழிவு), கூடவே ரத்தக் கொதிப்பு; இரண்டுக்கும் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து. ராத்திரியானால் பாதம் எரிகிறது, தூக்கமே இல்லை என்று டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியதற்கு, பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை 75 மில்லிகிராம் காலை ஒன்று இரவு ஒன்று கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது. ஆனால் ஆறு வாரத்தில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது, கோயிலுக்கு நடந்து போனால் மூச்சு வாங்குகிறது. "நரம்பு மாத்திரை ஹார்ட்டை அடிச்சிடும், தூக்கிப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நிறுத்திவிடலாமா என்பது கேள்வி.

தம்பி, அவசரத்தை முதலில் பேசிவிடுவோம். அம்மாவுக்கு மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இரண்டு மூன்று தலையணை அடுக்கினால்தான் தூக்கம் வருகிறதா? நடுராத்திரியில் திணறி எழுந்து உட்காருகிறாரா? சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, குளிர்ந்த வியர்வை கொட்டுகிறதா, மயங்கி விழுந்தாரா, நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ பாரம் வைத்தது போல இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இப்போதே 999 கூப்பிடுங்கள். மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போக வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக, வலியாக இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அது ரத்தம் கட்டியதாகவோ கிருமி தொற்றியதாகவோ இருக்கலாம். முகம், உதடு, நாக்கு வீங்கினால் அது ஒவ்வாமை. அந்த ஒரு நிலையில் மட்டும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லை என்றால் என் பதில் இது. மாத்திரையைத் திடீரென்று தூக்கிப் போடாதீர்கள். அதற்காக, பார்க்கலாம் பார்க்கலாம் என்று அடுத்த அப்பாயின்மெண்ட் வரைக்கும் தள்ளவும் கூடாது. நாளையோ மறுநாளோ டாக்டர் பார்க்க வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் பேராக்கில் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் 28 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். லயத்து வீட்டில் பிறந்தேன். என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். அவருக்கும் இதே எரிச்சல் வந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து குளியலறை சிமெண்டுத் தரையில் பாதத்தை வைத்து உட்கார்ந்திருப்பார். "மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்கு" என்பார். அதனால் எரிச்சலைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை. உங்கள் அம்மா ஆறு வாரமாக நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் அந்த மாத்திரை உண்மையாகவே ஒரு நல்லதைச் செய்திருக்கிறது. அதைக் கெடுக்காமல் காலையும் நெஞ்சையும் பார்க்க வேண்டும்.

சரி, வீக்கத்துக்கு வருவோம். பிரிகாபலினும் அதன் அண்ணன் போன்ற காபாபென்டினும் நரம்பு முனைகளில் கால்சியம் உள்ளே போகும் வாசலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. கால்சியம் குறைவாகப் போனால் நரம்பு அனுப்பும் வலிச் செய்தியும் குறையும். இதே மருந்துக்குக் காலில் நீர் கோக்கவைக்கும் குணமும் இருக்கிறது. தலைசுற்றல், தூக்கக் கலக்கம், எடை கூடுதல் ஆகியவற்றோடு கால் வீக்கமும் மருந்துத் தாளிலேயே, அதாவது தயாரிப்பாளர் தரும் தகவல் தாளிலேயே, போட்டிருக்கிறது. சோதனைகளில் பிரிகாபலின் சாப்பிட்டவர்களில் 100க்கு 6 பேருக்குக் கால் வீங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 2 பேர். டோஸ் கூடக் கூட வீக்கமும் கூடும். பெரும்பாலும் இது காலோடு நின்றுவிடும் வீக்கம், இருதயத்தைத் தொடாது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. அம்மா ரத்தக் கொதிப்புக்கு என்ன சாப்பிடுகிறார்? நீங்கள் எழுதவில்லை. ஆனால் நம் ஊர்க் கிளினிக்குகளில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் கொதிப்பு மாத்திரைகளில் ஒன்று அம்லோடிபின். அதுவும் கால்சியம் வாசலை அடைக்கும் மருந்துதான், ஆனால் ரத்தக் குழாயில். அதுவும் கணுக்காலை வீங்கவைக்கும். 5 மில்லிகிராமில் 100க்கு 3 பேர், 10 மில்லிகிராமில் ஏறக்குறைய 11 பேர். பெண்களுக்கு இன்னும் அதிகம். ஆறேழு வருடமாக அம்லோடிபினைத் தாங்கிக்கொண்டிருந்த கால், மேலே பிரிகாபலின் வந்து சேர்ந்ததும் தாங்காமல் போவதை நான் எத்தனையோ தடவை கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அரசாங்கக் கிளினிக் டாக்டருக்குப் பிரிகாபலின் சாப்பிடுவது தெரியாது. தனியார் கிளினிக் டாக்டருக்கு அம்லோடிபின் சாப்பிடுவது தெரியாது. இரண்டு வாசலில் வாங்கிய மருந்து ஒரே உடம்பில் சந்திக்கிறது, நடுவில் கேட்க ஆளில்லை.

இனிப்புநீருக்குப் பியோகிளிட்டசோன் என்ற மாத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது தனியாகவே உடம்பில் நீரைத் தேக்கும். இருதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கக்கூடாத மருந்து. பிரிகாபலினோடு சேர்ந்தபோது 100க்கு 19 பேருக்குக் கால் வீங்கியதாகப் பிரிகாபலினின் மருந்துத் தாள் சொல்கிறது. அந்த இரண்டும் அம்மாவின் பையில் ஒன்றாக இருந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் நடக்கும் ஒரு தவறு என்னை ரொம்ப வருத்தப்படவைக்கும். கால் வீங்குகிறது என்று மூன்றாவதாக ஒரு கிளினிக்குக்குப் போவார்கள். அங்கே நீர் இறக்கும் மாத்திரை, ஃப்ரூசமைடு கொடுப்பார்கள். மருந்தால் வந்த வீக்கத்துக்கு அது அவ்வளவாகக் கேட்காது. ஆனால் சிறுநீர் கழித்துக் கழித்து உப்புச்சத்து குறையும். பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் இருதயத் துடிப்பு தாளம் தவறும். அப்புறம் படபடப்புக்கு ஒரு மாத்திரை! வேர் ஒன்று, கிளை நான்கு. முதல் மாத்திரையைக் குறைத்திருந்தால் எல்லாமே முடிந்திருக்கும்.

வீட்டிலேயே நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. அம்மாவை உட்காரவைத்து, கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, முன்பக்க எலும்பின் மேல் உங்கள் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். பத்து எண்ணுங்கள். எடுங்கள். என் அம்மாவுக்கு நான் அப்படி அழுத்தியபோது விரல் இருந்த இடம் பிசைந்த கோதுமை மாவில் பதிந்தது போலக் குழியாக நின்றது. அவருடைய சிலிப்பர் வார் பட்ட இடத்திலும் பள்ளம். குழி கணுக்கால் அளவிலா, முழங்கால் வரைக்குமா, தொடையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் குறைந்து சாயங்காலம் கூடுகிறதா? மருந்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் கணுக்காலோடு நிற்கும், காலை நீட்டிப் படுத்து எழுந்தால் காலையில் குறையும். இருதயம் பலவீனமாகி வரும் வீக்கம் மேலே ஏறும், எடை தடதடவென்று கூடும், மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும். ஆனால் இந்தப் பிரிப்பு வழிகாட்டத்தான். முடிவு சொல்ல அது போதாது. உங்கள் அம்மாவுக்கு மூச்சும் வாங்குகிறது என்பதால்தான் சும்மா மருந்து வீக்கம்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருதயம் நன்றாக இருப்பவருக்குப் பிரிகாபலின் புதிதாக மாரடைப்பைக் கொண்டுவரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பலவீனமான இருதயத்தின் மேல் கூடுதலாக நீர் ஏறினால் அது திணறும். வயதானவர்களிடம், முக்கியமாக இருதய நோய் இருந்தவர்களிடம், இந்த மருந்து தொடங்கிய பின் இருதயச் செயலிழப்பு, அதாவது இருதயம் ரத்தத்தை இறைக்கும் பலம் குறைவது, வந்த செய்திகள் பதிவாகி மருந்துத் தாளில் எச்சரிக்கையாகவே ஏறியிருக்கின்றன. அமெரிக்க இருதயச் சங்கம் 2016இல் வெளியிட்ட, இருதயச் செயலிழப்பை உண்டாக்கவோ மோசமாக்கவோ கூடிய மருந்துகளின் பட்டியலில் பிரிகாபலினும் இருக்கிறது. 2025இல் அங்கே 65 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். காபாபென்டின் தொடங்கியவர்களோடு ஒப்பிட்டால், பிரிகாபலின் தொடங்கியவர்களிடம் இருதயச் செயலிழப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காணப்பட்டது. முன்பே இருதய நோய் இருந்தவர்களிடம் இன்னும் அதிகம். இது பழைய பதிவுகளை வைத்துப் பார்த்த கணக்கு, மருந்துதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லாது. ஆனாலும் 67 வயது, இருபது வருட இனிப்புநீர், மூச்சு வாங்கல் மூன்றும் சேர்ந்த ஒருவரை ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட இது போதுமான காரணம்.

சிறுநீரகத்தை மறந்துவிடக்கூடாது. பிரிகாபலினைக் கல்லீரல் அநேகமாகத் தொடுவதே இல்லை. உள்ளே போனது அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. இருபது வருட இனிப்புநீரும் கொதிப்பும் சிறுநீரகத்தைச் சும்மா விட்டிருக்காது. வடிகட்டும் அளவு 60க்குக் கீழே இறங்கினால் மருந்தின் அளவைப் பாதியாக்க வேண்டும், 30க்குக் கீழே என்றால் அதிலும் பாதி. குறைக்காமல் கொடுத்தால் 75 மில்லிகிராம் உடம்புக்குள் 150 போல வேலை செய்யும். வீக்கம், தலைசுற்றல், கால் தள்ளாட்டம், பகலெல்லாம் தூக்கம் எல்லாம் கூடும். அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த ரத்தச் சோதனை முடிவில் கிரியாட்டினின் என்ற வரி இருக்கும், அதை வைத்துத்தான் அந்த வடிகட்டும் அளவைக் கணக்கிடுவார்கள். அந்தத் தாளைத் தேடி எடுங்கள். தனியார் கிளினிக்கில் அதைக் கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இனி படபடப்பு. "நரம்பு மாத்திரை" என்ற பேரில் நம் ஆட்கள் நான்கைந்து வேறு வேறு மருந்தைச் சொல்கிறார்கள். கடையில் வாங்கும் சிவப்பு வைட்டமின் பி மாத்திரையும் நரம்பு மாத்திரை, டாக்டர் எழுதும் அமிட்ரிப்டிலினும் நரம்பு மாத்திரை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் அம்மாவிடம் இருப்பது உண்மையில் பிரிகாபலின் மட்டும்தானா என்று அட்டையைத் திருப்பிப் பேரைப் படியுங்கள்.

அமிட்ரிப்டிலின் என்றால் கதை வேறு. 1961லிருந்து மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்டு வரும் மருந்து. நரம்பு வலிக்கு ராத்திரியில் 10 அல்லது 25 மில்லிகிராம் என்று சின்ன அளவில் கொடுப்பார்கள். விலை குறைவு, பலருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் இருதயத்தை நேரடியாகத் தொடும் மருந்து இதுதான். துடிப்பை வேகமாக்கும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும், இருதயத்தின் மின் ஓட்டத்தை மெதுவாக்கும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கோ இருதய மின் ஓட்டத்தில் தடை இருப்பவருக்கோ கொடுக்கக்கூடாது. வயதானவருக்குத் தொடங்கும் முன் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பும் வரும். இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். சின்னக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து ஒரு சில மாத்திரையை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து.

நரம்பு வலிக்கு டுலொக்செட்டின் கொடுத்திருந்தால் ரத்த அழுத்தமும் துடிப்பும் கொஞ்சம் ஏறும்; கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவருக்கு அது நல்லதல்ல. முக நரம்பு வலிக்குக் கொடுக்கும் கார்பமசபின் இருதய மின் ஓட்டத் தடை உள்ளவருக்கு ஆகாது, ரத்தத்தில் சோடியத்தையும் இறக்கும். பிரிகாபலினால் துடிப்பு வேகமாவது குறைவு. ஈசிஜியில் ஒரு இடைவெளி லேசாக நீளும், பெரும்பாலும் அது ஒரு தொந்தரவும் தராது. ஆகவே அம்மாவின் படபடப்புக்குப் பிரிகாபலினை மட்டும் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. வேறு பல காரணங்கள் காத்திருக்கின்றன. கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் இருந்தால் இனிப்பு இறங்கிப் படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும். அந்த நேரத்தில் விரலைக் குத்திப் பாருங்கள். மில்லிமோல் கணக்கில் 4க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள், அதுதான் மருந்து. ரத்தச் சோகை, தைராய்டு, ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற தாளம் தவறிய துடிப்பு, இவையும் இருக்கின்றன. படபடக்கும்போது மணிக்கட்டில் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணி எழுதுங்கள். வேகத்தோடு, துடிப்பு ஒரே சீராக வருகிறதா, கன்னாபின்னாவென்று வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வரி தங்கம் மாதிரி.

இதுவரை சொன்னது மருந்து இருதயத்தைத் தொடுவது பற்றி. இனி சொல்லப்போவதை நம் ஆட்களிடம் யாரும் சொல்வதில்லை. அம்மாவின் பாதத்தை எரியவைக்கும் அதே இனிப்புநீர், இருதயத்துக்குப் போகும் நரம்பையும் அரித்துக்கொண்டிருக்கலாம். பாத நரம்பு கெட்டால் எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊறல் என்று வெளியே தெரியும். இருதய நரம்பு கெட்டால் ஓய்வாக இருக்கும்போதும் துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல் நிற்கும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி கண் இருட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலிக்காமலே போகலாம். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே செத்துவிட்டது!

என் பெரியம்மாவை அப்படித்தான் இழந்தோம். ஒரு தைப்பூசத்துக்கு முந்தின நாள். அடுப்படியில் நின்றவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்தது. "காத்து அடைச்சிருக்கு" என்று ஓமத்தண்ணீர் குடித்தார். நெஞ்சு வலி துளியும் இல்லை. மேல்வயிறு லேசாக உப்புசம், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள், வாயு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் மூச்சு முட்ட ஆரம்பித்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது இருதயத்தின் பெரும்பகுதி போய்விட்டது என்றார்கள். பதினெட்டு வருடமாக இனிப்புநீர் அவருக்கு. மூன்று வருடமாகப் பாதம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த எரிச்சல் ஒரு தகவல் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியவில்லை, மருந்தகத்தில் வேலை செய்த எனக்கும்தான்.

மலேசியாவில் 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அந்த வரியை எப்போது படித்தாலும் எனக்குப் பெரியம்மாவின் சமையலறைதான் ஞாபகம் வரும். அதனால்தான் சொல்கிறேன் தம்பி, இருபது வருட இனிப்புநீர் உள்ளவருக்கு நடந்தால் புதிதாக மூச்சு வாங்குகிறது என்றால் அதை முதலில் இருதயம் என்றே எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். இல்லை என்று ஆன பிறகு மாத்திரையைக் குறை சொல்லிக்கொள்ளலாம். மாத்திரை மேல் பழியைப் போட்டுத் தூக்கி எறிந்துவிட்டால் வீக்கம் குறையலாம், மனசும் ஆறிவிடும். அடியில் இருக்கும் இருதயக் கோளாறு அப்படியே இருக்கும். எனக்குப் பயம் அதுதான்.

திடீரென்று ஏன் நிறுத்தக்கூடாது என்று கேட்பீர்கள். ஆறு வாரம் தினமும் சாப்பிட்ட பிரிகாபலினை ஒரே நாளில் விட்டால் தூக்கம் கெடும், வியர்க்கும், பதற்றம் வரும், குமட்டும், தலை வலிக்கும், சிலருக்கு நெஞ்சு இன்னும் படபடக்கும். எந்தப் படபடப்புக்குப் பயந்து விட்டோமோ அதுவே பெரிதாக வந்து நிற்கும். பார்த்தாயா, ஹார்ட்டை அடித்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பே வரலாம். மருந்துத் தாளில் குறைந்தது ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறது. எப்படிக் குறைப்பது, பகல் மாத்திரையை முதலில் விடுவதா, 25 மில்லிகிராமுக்கு இறங்குவதா என்பதை டாக்டர் சொல்லட்டும். டுலொக்செட்டின், அமிட்ரிப்டிலின், கார்பமசபினுக்கும் இதே பேச்சுதான்.

அப்புறம் அந்த ரொட்டி டின். எல்லா வீட்டிலும் அலமாரி மேல் ஒன்று இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைக் கவிழ்த்துப் பாருங்கள். முட்டி வலிக்கு வாங்கிய டிக்லோஃபெனாக், எடோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் கிடந்தால் அவற்றை எடுத்துத் தனியாக வையுங்கள். அவை நரம்பு வலிக்கு உதவுவதும் இல்லை. உடம்பில் நீரைத் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். இருதயத்தைப் பொறுத்தவரை பிரிகாபலினைவிட எனக்கு இவற்றின் மேல்தான் பயம் அதிகம். மக்கள் பயப்படாமல் சாப்பிடுவதும் இவற்றைத்தான்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் கருப்பு உருண்டை மருந்து, மாஜூன் என்ற மூலிகை லேகியம், "மூலிகைதான், பக்க விளைவே இல்லை" என்று சொல்லிக் கொடுக்கும் கேப்சூல் ஏதாவது அம்மா சாப்பிடுகிறாரா? கோபப்படாமல் கேளுங்கள், கோபப்பட்டால் மறைத்துவிடுவார். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரு வாரத்தில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும், கால் வீங்கும், இனிப்பு எகிறும். பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் நெடுநாளாகச் சாப்பிட்டு வந்திருந்தால் இதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது, உடம்பு சொந்த ஸ்டீராய்டு சுரப்பதை மறந்திருக்கும். பையில் போட்டு டாக்டரிடமே காட்டுங்கள். திட்டுவார்களே என்று நினைக்க வேண்டாம், மறைத்தால்தான் ஆபத்து.

டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் வெறும் தலையை ஆட்டிவிட்டு வருவது நம் வழக்கம். நீங்கள் கூடப் போங்கள். "அம்மாவுக்குப் புதிதாக மூச்சு வாங்குகிறது, இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, ஆறு வாரத்துக்கு முன் பிரிகாபலின் தொடங்கினோம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அரசாங்கக் கிளினிக்கிலேயே எடுப்பார்கள். கிரியாட்டினின், பொட்டாசியம், ரத்தச் சோகை, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை பல வருடம் சாப்பிட்டிருந்தால் வைட்டமின் பி12 அளவையும் கேளுங்கள். மெட்ஃபோர்மின் அதைக் குறைக்கும், பி12 குறைந்தாலும் பாதம் எரியும். எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று தெரிந்தால் ஊசி போட்டே பாதி வேலை முடியும். அதற்காகக் கடையில் நீங்களாக வைட்டமின் வாங்கிக் கணக்கில்லாமல் கொடுக்காதீர்கள், பி6 அளவு மீறி நெடுநாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ரத்த அழுத்தத்தை உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் இருதய நரம்பைப் பற்றிப் பேச வேண்டும். சந்தேகம் இருந்தால் இருதய ஸ்கேனுக்கு ஈப்போவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். தூரம், வரிசை என்று அம்மா சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். எரிச்சலுக்கு மாற்று வேண்டும் என்றும் கேளுங்கள். காபாபென்டினுக்கு மாற்றுவது, பிரிகாபலின் அளவைக் குறைப்பது, அம்லோடிபினை வேறு கொதிப்பு மருந்தாக மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. சில சமயம் பிரிகாபலினைத் தொடாமல் அம்லோடிபினை மாற்றினாலே கால் வடிந்துவிடும். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. மூன்றாவது வாரம் சிலிப்பர் வாரின் பள்ளம் காணாமல் போனது, ராத்திரித் தூக்கமும் போகவில்லை.

டாக்டரைப் பார்க்கும் வரைக்கும் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கு முன்னால், ஒரே தராசில் எடை பார்த்து எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். உப்பைக் குறையுங்கள், கருவாடு, ஊறுகாய், சோயா சாஸ், மேகி மீ எல்லாவற்றிலும் உப்புதான். உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். மரத்துப்போன பாதம் சூடு அறியாது, அதனால் எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைக்கவோ ஐஸ் கட்டி வைக்கவோ விடாதீர்கள். பாதத்தில் கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று ராத்திரி ஒரு தடவை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். அம்மாவால் குனிந்து பார்க்க முடியாது. ரத்தச் சோதனைத் தாள் கையில் வந்ததும் கிரியாட்டினின் எண்ணையும், பையிலிருந்த எல்லா மருந்தின் பேரையும் எனக்கு எழுதுங்கள். எது எதோடு மோதுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.